ஸ்டியரிங் கப்ளிங்கைத் திரும்ப மாட்டுவது எப்படி? உப்புக் காற்றடிக்கும் ஊர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரின் பிரேக்குக்கு இரண்டு சர்க்யூட் உண்டு. ஒன்று போனாலும் இன்னொன்று ஓரளவுக்கு வண்டியை நிறுத்திவிடும். அதுவும் போனால் ஹேண்ட் பிரேக் இருக்கிறது. ஸ்டியரிங்குக்கு அப்படி மாற்று ஏற்பாடு எதுவும் கிடையாது. நம் கையிலுள்ள வீலையும் முன் டயர்களையும் இணைப்பது ஒரே ஒரு தண்டு. அந்தத் தண்டை, டயர்களைத் திருப்பும் ரேக்கோடு கோத்து வைப்பது கப்ளிங். அந்தக் கப்ளிங்கைப் பிடித்து வைத்திருப்பது கட்டைவிரல் நீளம்கூட இல்லாத இரண்டு போல்ட்.

ரேக் மாற்றும்போதும், சில மாடல்களில் கிளட்ச் வேலைக்காக முன்பக்க கிராஸ் மெம்பரை இறக்கும்போதும், கப்ளிங்கே தேய்ந்துபோனாலும் இதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கழற்றுவது பத்து நிமிட வேலை. மாட்டுவதும் பத்து நிமிடத்தில் முடிவது போலத்தான் தெரியும். கவனமெல்லாம் அங்கேதான் வேண்டும். ஆரோவில் பக்கத்துக் குயிலாப்பாளையத்திலும் அதை ஒட்டிய கடலோர ஊர்களிலும் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் ஒரு மடங்கு கவனம் கூடுதலாக வேண்டும். காரணம், துரு ஏறிய மரை கையை ஏமாற்றும். போல்ட் கல்லு மாதிரி இறுகியிருப்பதாக ஸ்பானர் சொல்லும். கப்ளிங்கோ தண்டைப் பாதிதான் பிடித்திருக்கும்.

நம் பக்கத்துக் கார்களில் என்ன விசேஷம்?

குயிலாப்பாளையத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டரில் கடல். வடக்கே போனால் மரக்காணத்தில் ஈசிஆர் சாலை உப்பளங்களை ஒட்டியே ஓடுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் பாத்திகளைச் சீர் செய்து, வெயில் ஏற ஏற உப்பு வாரத் தொடங்குவார்கள். அந்த மாதங்களில் காற்றிலும் உப்பு, சாலையோரப் புழுதியிலும் உப்பு. இதோடு ஆரோவில் பக்கத்துச் செம்மண் சேர்ந்துகொள்கிறது. மண்ணும் உப்பும் கலந்து காரின் அடிப்பாகத்தில் ஒட்டினால், அந்த மண் ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழையில்லாத நாளிலும் இரும்பு நனைந்தபடியே கிடக்கும்.

வெள்ளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தண்ணீரில் நின்ற கார்களில் எஞ்சினையும் சீட்டையும் பார்த்தவர்கள் பலர். டிரைவர் காலடியில், ஃப்ளோர் மேட்டுக்கு அடியில் இருக்கும் கப்ளிங்கைப் பார்த்தவர்கள் குறைவு. அந்த மழையில் நின்ற வண்டி உங்களுடையது என்றால், வேறு எந்தக் காரணமும் இல்லாவிட்டாலும் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.

கப்ளிங் என்ன வேலை செய்கிறது?

ஸ்டியரிங் வீலின் தண்டு ஒரு சாய்வில் கீழே இறங்குகிறது. ரேக்கை நகர்த்தும் பினியன் என்ற பல் தண்டு வேறொரு சாய்வில் நிற்கிறது. இரண்டும் நேர்கோட்டில் இல்லாததால் நடுவில் வளைந்து சுற்றக்கூடிய ஒரு மூட்டு வேண்டும். அதுதான் யூ.ஜே. என்று மெக்கானிக்குகள் சொல்லும் யுனிவர்சல் ஜாயின்ட். நடுவில் சிலுவை வடிவில் ஒரு கிராஸ், அதன் நான்கு முனைகளிலும் ஊசி பேரிங் உள்ள கப். சில பழைய வண்டிகளில் இதற்குப் பதில் கெட்டியான ரப்பர் தட்டு இருக்கும்.

கப்ளிங்கின் வாய் ஒரு பக்கம் பிளந்திருக்கும். உள்ளே ஸ்பிளைன் எனப்படும் நீளவாட்டுப் பற்கள். பினியன் தண்டிலும் அதே பற்கள். பற்கள் ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்த பிறகு, பிளவின் குறுக்கே போகும் போல்ட் வாயை நெருக்கிப் பிடிக்கிறது. பெரும்பாலான கார்களில் தண்டின் பக்கவாட்டில் ஒரு காடி வெட்டியிருப்பார்கள். போல்ட் அந்தக் காடி வழியாகத்தான் போக வேண்டும். நெருக்குவது பற்களை ஆடவிடாமல் பார்த்துக்கொள்கிறது. தண்டு உருவிக்கொண்டு வராமல் காப்பது காடியில் உட்கார்ந்த போல்ட். இந்த ஒரு வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னொரு விஷயம். இன்றைய சின்னக் கார்கள் பலவற்றில் பவர் ஸ்டியரிங் மோட்டார் டேஷ்போர்டுக்கு அடியில், மேல் தண்டிலேயே இருக்கிறது. அப்படியானால் உங்கள் கை பலமும் மோட்டாரின் பலமும் சேர்ந்து இந்தக் கப்ளிங் வழியாகத்தான் கீழே போகின்றன. பழைய ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கில் உதவி ரேக்கில் கிடைக்கும். கப்ளிங் சுமப்பது கை பலத்தை மட்டும். அதனால் எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் காரில் சுமாரான கப்ளிங்கை வைத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்கவே கூடாது.

பழையதையே மாட்டலாமா?

கழற்றிய கப்ளிங்கைக் கையில் எடுத்து எல்லாத் திசையிலும் மடக்கிப் பாருங்கள். எண்ணெய் போட்ட மாதிரி வழுவழுப்பாக மடங்க வேண்டும். எங்காவது முட்டினாலோ, சொரசொரப்பாக உரசினாலோ, ஒரு கட்டத்தில் ‘டக்’கென்று இழுத்தாலோ பேரிங் துருப்பிடித்துவிட்டது. ஒரு முனையைக் கெட்டியாகப் பிடித்து மறுமுனையை முறுக்குங்கள். மயிரிழை ஆட்டம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். கையில் அது மயிரிழைதான். ஸ்டியரிங் வீலின் விளிம்பில் அது பெரிதாகத் தெரியும். மேடு பள்ளத்தில் ‘கட கட’ என்று சத்தமாகவும் கேட்கும்.

நம் பக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. கப்பின் விளிம்பில் சிவப்பாக ஒட்டியிருப்பது செம்மண்ணா, துருவா என்று கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஈரத் துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, பத்துப் பதினைந்து முறை கப்ளிங்கை மடக்கி நிமிர்த்துங்கள். மண்ணாக இருந்தால் துடைத்ததோடு போய்விடும். உள்ளே துரு இருந்தால் கப்பின் ஓரத்தில் காவி நிறப் பொடி மறுபடியும் கசியும். பொடி வந்தால் அந்தக் கப்ளிங்குக்கு ஆயுள் முடிந்தது. மேலே எண்ணெய் அடித்துப் பயனில்லை. எண்ணெய் நாலு நாள் சத்தத்தை அடக்கும், தேய்ந்த ஊசிகளைத் திருப்பித் தராது.

வாங்கும்போது புதிதாகவே வாங்குங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய கதவு, பம்பர், லைட் என்று எதை வேண்டுமானாலும் வாங்குங்கள். கப்ளிங் மட்டும் வேண்டாம். அது எந்த விபத்தில் எவ்வளவு முறுக்கு வாங்கியது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. வெல்டிங் வைத்து ஒட்டிய கப்ளிங்கைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. கார் கம்பெனியின் ஒரிஜினல் பாகத்தை வாங்குங்கள். இல்லாவிட்டால் கார் கம்பெனிகளுக்கே ஸ்டியரிங் பாகம் செய்து கொடுக்கும் நிறுவனங்களின் பெட்டியைக் கேளுங்கள். எதை வாங்கினாலும் இரண்டு போல்ட்டையும் புதிதாகச் சேர்த்து வாங்குங்கள்.

கடைக்குப் போவதற்கு முன் சேசிஸ் நம்பரை உங்கள் கார் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு, திரும்ப அழைப்பு ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். 2023 ஜூலையில் ஸ்டியரிங் டை ராடில் குறை இருக்கலாம் என்று மாருதி நிறுவனம் 87,599 எஸ்-பிரெஸ்ஸோ, ஈகோ வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அது கப்ளிங் குறை அல்ல. ஆனாலும் ஸ்டியரிங்கில் கை வைக்கும்போது இதையும் பார்த்துவிடுவது நல்லது. அப்படிப்பட்ட வேலையை அவர்களே இலவசமாகச் செய்து தருவார்கள்.

என்னென்ன எடுத்து வைக்க வேண்டும்?

மாருதி போன்ற சின்னக் கார்களில் பெரும்பாலும் 12 நம்பர் சாக்கெட், ராட்செட், நீளமான எக்ஸ்டென்ஷன். ஒரு டார்க் ரெஞ்ச். இது இல்லாமல் தொடங்க வேண்டாம், வாடகைக்கோ தெரிந்த பட்டறையிலோ வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கம்பி பிரஷ், வேஸ்ட் துணி, டார்ச், வெள்ளை பெயின்ட் மார்க்கர். ஜாக்கியோடு இரண்டு ஸ்டாண்டு. மண் தரையில் ஸ்டாண்டு புதையும். அதனால் சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்துங்கள். அது கிடைக்காவிட்டால் ஸ்டாண்டுக்கு அடியில் கெட்டிப் பலகை போடுங்கள். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை மொபைலிலாவது திறந்து வைத்திருங்கள்.

முதல் படி: வீலைக் கட்டிப் போடுங்கள்

டயர்களை நேராக வைத்து, சாவியை எடுத்து, பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் மேனுவல் சொல்லும் நேரம் வரை காத்திருங்கள்.

அடுத்து, டிரைவர் சீட் பெல்ட்டை இழுத்து ஸ்டியரிங் வீலின் கம்பிகளுக்கு ஊடாக விட்டுப் பக்கிளில் மாட்டி, தொய்வில்லாமல் இழுத்து வையுங்கள். கப்ளிங் கழன்ற நிலையில் வீலுக்கு எந்தத் தடையும் இல்லை. எத்தனை சுற்று வேண்டுமானாலும் சுற்றும். வீலுக்குப் பின்னால் கிளாக் ஸ்பிரிங் என்று ஒரு சுருள் நாடா இருக்கிறது. ஏர்பேக்குக்கும் ஹார்னுக்கும் கரன்ட் போவது அதன் வழியாகத்தான். ஒரு பக்கமாக அளவுக்கு மேல் சுற்றினால் நாடா அறுந்துவிடும். ஹார்ன் அடிக்காது, ஏர்பேக் விளக்கு அணையாது. ரேக் வேலை செய்துவிட்டுக் கார் வந்த பிறகு ஏர்பேக் விளக்கு எரிகிறது என்று அலைபவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

ஏற்கெனவே யாராவது வீலைச் சுற்றிவிட்டிருந்தால் அப்படியே மாட்டிவிடாதீர்கள். கிளாக் ஸ்பிரிங்கை மேனுவலில் உள்ளபடி நடுவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அடுத்த படி.

இரண்டாம் படி: பற்களையும் மரையையும் சுத்தம் செய்யுங்கள்

பினியன் தண்டின் பற்களைக் கம்பி பிரஷால் நீளவாக்கில் தேயுங்கள். அரம் போடாதீர்கள், உப்புத்தாள் போட்டு ராவாதீர்கள். பல் மெலிந்தால் பிடிமானம் போய்விடும். காடிக்குள் அடைந்திருக்கும் மண்ணையும் துருவையும் ஊசியாலாவது சுரண்டி எடுங்கள்.

மரைதான் முக்கியம். புத்தம் புதுப் போல்ட்டிலேயே நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இறுக்கிப் பிடிக்கும் வேலைக்குப் போகிறது. மீதியெல்லாம் போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகவே செலவாகிறது. மரை துருப்பிடித்திருந்தால் அந்தப் பத்தில் ஒரு பங்கிலும் கணிசமான பகுதி காணாமல் போகும். டார்க் ரெஞ்ச் ‘க்ளிக்’ என்று சரியான நேரத்தில் சொல்லும், ஆனால் கப்ளிங்கின் வாய் சரியாக நெருங்கியிருக்காது. பழைய கப்ளிங்கையே மாட்டுகிறீர்கள் என்றால் அதே அளவுள்ள, மரை வெட்டும் டேப்பை மெதுவாக விட்டு மரையைச் சுத்தம் செய்யுங்கள். புதுப் போல்ட் கடைசி மரை வரைக்கும் விரலாலேயே ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் அந்தக் கப்ளிங்கை ஒதுக்கி வையுங்கள்.

மரையில் கிரீஸ் தடவலாமா என்று கேட்பார்கள். மேனுவல் சொல்லாத வரை வேண்டாம். உராய்வு குறைந்தால் அதே அளவு முறுக்குக்குப் போல்ட் அதிகமாக இழுபடும். துருவுக்குப் பயந்து தடவுவதாக இருந்தால், எல்லாம் இறுக்கி முடித்த பிறகு வெளிப்பக்கம் மட்டும் தடவுங்கள்.

மூன்றாம் படி: நடுவைக் கண்டுபிடித்துக் கோத்துவிடுங்கள்

கழற்றும்போதே தண்டிலும் கப்ளிங்கிலும் பெயின்ட் மார்க் போட்டிருந்தால் மார்க்கும் மார்க்கும் சேர வைத்தால் போதும். மார்க் இல்லையென்றாலோ புது ரேக் என்றாலோ, முன் டயர்களை ஸ்டாண்டில் தூக்கி, ரேக்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை திருப்பி எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். அதில் சரிபாதியில் நிறுத்தினால் அதுதான் நடு. மேலே ஸ்டியரிங் வீலும் நேராக நிற்க வேண்டும்.

ஒரு பல் தள்ளிக் கோத்தால் என்ன ஆகும்? தண்டில் 36 பற்கள் இருந்தால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. நேராகப் போகும்போது வீல் 10 டிகிரி சாய்ந்தே நிற்கும். அதைச் சரிசெய்ய வீலைக் கழற்றித் திருப்பி மாட்டும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது கிளாக் ஸ்பிரிங்கின் நடுவைக் கெடுக்கும். எங்கே தவறோ அங்கே, பல்லில்தான், திருத்த வேண்டும்.

இரண்டு பக்கமும் யூ.ஜே. உள்ள தண்டு துண்டுகளாகப் பிரிந்திருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். ஒற்றை யூ.ஜே. மடங்கிய நிலையில் சீரான வேகத்தில் சுற்றாது. 30 டிகிரி மடங்கியிருந்தால் ஒரே சுற்றுக்குள் வேகம் 0.87 மடங்குக்கும் 1.15 மடங்குக்கும் இடையே ஏறி இறங்கும். மேல் மூட்டின் ஏற்ற இறக்கத்தைக் கீழ் மூட்டு சமன் செய்கிற மாதிரித்தான் இரண்டையும் அமைத்திருப்பார்கள். கிராஸைப் பிடித்திருக்கும் இரண்டு கவைகளின் நிலையை மாற்றிக் கோத்துவிட்டால், வளைவில் ஸ்டியரிங் ஓரிடத்தில் கனக்கும், ஓரிடத்தில் இலேசாகும். போல்ட்டில் எந்தக் குறையும் தெரியாது. மெக்கானிக் ரேக்கைச் சந்தேகப்படுவார். அதனால் கழற்றுவதற்கு முன்பே மொபைலில் நாலு பக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

நான்காம் படி: உட்கார்ந்ததா என்று பாருங்கள்

கப்ளிங்கைக் கையால் தள்ளினால் போக வேண்டும். சுத்தியலால் அடிக்காதீர்கள், அடி ஊசி பேரிங்குக்கும் ரேக்குக்கும் போய்ச் சேரும். இறுக்கமாக இருந்தால் பிளவில் தட்டை ஸ்க்ரூ டிரைவரை வைத்து மெல்ல விரித்துக்கொண்டே தள்ளுங்கள்.

இப்போது போல்ட் ஓட்டைக்குள் டார்ச் அடியுங்கள். ஓட்டைக்கு நேராகக் காடியின் வளைவு தெரிய வேண்டும். பற்கள் தெரிந்தால் இன்னும் உள்ளே போக வேண்டும், அல்லது காடி வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. அப்போது போல்ட் நுழையாது, முட்டும். முட்டினால் தட்டி நுழைக்காதீர்கள், அது எச்சரிக்கை.

இதைவிட ஆபத்தான நிலை ஒன்று உண்டு. தண்டின் முனை போல்ட் ஓட்டை வரைக்கும்கூட வராமல் நின்றுவிட்டால், போல்ட் எந்தத் தடையும் இல்லாமல் சுகமாக நுழைந்துவிடும். இறுக்கினால் இறுகவும் செய்யும். வீலைத் திருப்பினால் டயரும் திரும்பும். ஈசிஆரில் ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறும்போது கழன்று வரும். உப்புக் காற்றுப்பட்ட தண்டில் துரு ஏறிப் பருத்த பற்கள் கப்ளிங்கைப் பாதியிலேயே நிறுத்திவிடுவதால், நம் பக்கத்தில் இதற்கு வாய்ப்பு அதிகம்.

ஆகவே, போல்ட்டை விரலால் உள்ளே விட்டு, இறுக்குவதற்கு முன், கப்ளிங்கை இரண்டு கையாலும் பிடித்துத் தண்டைவிட்டு உருவ முயலுங்கள். காடியில் போல்ட் உட்கார்ந்திருந்தால் இம்மியும் வராது. வந்தால் மறுபடி முதலிலிருந்து. மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுத்திருந்தாலும் இந்த ஒரு சோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லிக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஐந்தாம் படி: இறுக்குங்கள்

முதலில் பினியன் பக்கத்துப் போல்ட், பிறகு மேல் பக்கத்துப் போல்ட். பினியன் பக்கம் காடி இருப்பதால் இடம் நிலையானது. மேலே சற்று நகர இடம் இருந்தால் தண்டு தானாகத் தன் நீளத்துக்கு உட்கார்ந்துகொள்ளும். பல மாருதி மாடல்களின் மேனுவலில் இந்தப் போல்ட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர் என்று இருக்கும். 25 செ.மீ. நீள ஸ்பானரின் நுனியில் பத்துக் கிலோ எடையைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முறுக்கு ஏறத்தாழ அதுதான். உங்கள் வண்டியின் அளவு வேறாக இருக்கலாம். மேனுவலில் உள்ளதையே வையுங்கள்.

இறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து கப்ளிங் வரை வெள்ளை மார்க்கரால் ஒரு கோடு. பிறகு எப்போது டார்ச் அடித்தாலும், கோடு உடையாமல் நேராக இருந்தால் போல்ட் நகரவில்லை என்று அர்த்தம்.

டிரைவர் காலடியில் தண்டு நுழையும் இடத்தில் உள்ள ரப்பர் மூடியை ஒழுங்காகப் பொருத்துங்கள். கிழிந்திருந்தால் மாற்றுங்கள். மழைத் தண்ணீர் உள்ளே வந்து கப்ளிங்கில் சொட்டுவது அந்த வழியாகத்தான்.

ஓட்டுவதற்கு முன்

சீட் பெல்ட்டை அவிழ்த்து, பேட்டரியை இணைத்து, டயர்கள் தூக்கிய நிலையிலேயே ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்புங்கள். இரு பக்கமும் சுற்று எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். வண்டியை இறக்கிய பிறகு ஒருவர் வீலை இலேசாக இடமும் வலமும் ஆட்ட, இன்னொருவர் கப்ளிங்கில் விரலை வைத்துப் பார்க்கட்டும். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒன்றாக அசைய வேண்டும்.

வீலில் ஆட்டம் (பிளே) எவ்வளவு இருக்கலாம்? 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி, ஸ்டியரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் இருக்கக் கூடாது என்கிறது. 37 செ.மீ. விட்டமுள்ள வீலின் விளிம்பில் 30 டிகிரி என்பது ஏறத்தாழ 10 செ.மீ.! சட்டம் லாரி, பஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த எல்லை அது. ரேக் உள்ள காரில் விளிம்பில் 3 செ.மீ.யைத் தாண்டினாலே காரணம் தேட வேண்டும்.

முதல் ஓட்டம் ஊருக்குள்ளேயே இருக்கட்டும். குயிலாப்பாளையத்து உள்சாலை வளைவுகளிலும் வேகத்தடைகளிலும் இருபது கிலோமீட்டர் வேகத்தில் போய், சத்தம் வருகிறதா, திருப்பிவிட்டால் வீல் தானாக நடுவுக்கு வருகிறதா என்று கவனியுங்கள். அதன் பிறகு அலைன்மென்ட் சென்டர். இஎஸ்பி என்ற சறுக்கல் தடுப்பு ஏற்பாடு உள்ள காரில் ஸ்டியரிங் கோணத்தை அளக்கும் சென்சாரின் நடுவை ஸ்கேனரில் திரும்பப் பதிய வேண்டியிருக்கும். விளக்கு எரிந்தால் அதற்குத்தான்.

ஒரு வாரம் கழித்து ஃப்ளோர் மேட்டைத் தூக்கி வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். அதற்குப் பிறகு வருஷத்துக்கு இரண்டு முறை போதும்: ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒன்று, மழை ஓய்ந்து தை பிறந்ததும் ஒன்று. அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவும்போது பிரஷர் பம்பின் வாயை நேராகக் கப்ளிங்கை நோக்கிப் பிடிக்காதீர்கள். தண்ணீர் கப்புக்குள் புகுந்துவிடும். பைப் தண்ணீரைச் சாதாரணமாக ஓடவிட்டு மண்ணை இறக்கி, வண்டியை வெயிலில் காயவிட்டால் போதும்.